ஆடுகளம்: பழைய வாலிபால் லிஃப்டரிடம் கேளுங்கள்

போன இதழில் பிரேசில் ஆண்கள் கோல்பால் அணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். கோல்பால் என்பது பார்வையற்றோர் மணிச்சத்தத்தைக் கேட்டு ஆடும் பந்தாட்டம். பக்கம் நிரம்ப வேண்டுமே என்று எழுதியதுதான். கிரிக்கெட்டைப் பற்றி எழுதியபோதுகூட வராத அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த மாதம் மற்ற ஆட்டங்களுக்கு விடுமுறை. கபடி கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

க.ச., விருத்தாசலம்: *ஐயா, மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்துப் புரள்கிறார்கள், இன்னொரு மூன்று பேர் பந்தை உருட்டுகிறார்கள். இதில் ஆட்டம் எங்கே இருக்கிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.*

உங்கள் ஊர்ப் பள்ளியில் வாலிபால் கோர்ட் இருக்கும், இல்லையா? போய் அதன் நடுவில் நில்லுங்கள். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கோல்பாலுக்கும் அதே அளவுதான். நெட்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இரண்டு பக்கமும் பின்கோட்டில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை 9 மீட்டருக்கும் ஒரே கோல். உயரம் 1.30 மீட்டர், அதாவது மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். இவ்வளவு பெரிய வாசலை மூன்று பேர் காக்க வேண்டும். எதிரணி பந்தைக் கையால் தரையோடு எறியும். இவர்கள் சத்தத்தைக் கேட்டு, பக்கவாட்டில் பாய்ந்து, உடம்பை நீட்டிப் படுத்துத் தடுக்க வேண்டும். தடுத்த பந்தை 10 விநாடிக்குள் திருப்பி எறிய வேண்டும். 12 நிமிடம் ஆட்டம், 3 நிமிடம் ஓய்வு, மறுபடி 12 நிமிடம். பத்து கோல் வித்தியாசம் வந்துவிட்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

பந்து பார்க்கக் கூடைப்பந்து அளவு, ஆனால் எடை அதைப்போல் இரண்டு மடங்கு: 1.25 கிலோ. காற்றடிக்கிற பந்து இல்லை, கெட்டி ரப்பர். உள்ளே மணிகள் கிடக்கும், அந்தச் சத்தம் வெளியே வர எட்டு ஓட்டைகள். முதல்தர ஆட்டக்காரர்கள் எறிந்தால் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். ‘உருட்டுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பார்வையற்ற மாணவர்களின் பள்ளி ஒன்றுக்கு வாலிபால் நெட் கொடுக்கப் போனவனை, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பிடித்துக் கண்ணைக் கட்டி நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். “சார், மணி எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் விழுங்க, அவ்வளவுதான்” என்றான் ஒருவன். மணி வலப்பக்கம் கேட்டது. நான் வலப்பக்கம் விழுவதற்குள் பந்து இடது விலாவில் ஏறிப் போய்விட்டது. மூன்று நாள் சட்டைக்குள் கையை நுழைக்க என் மனைவி உதவ வேண்டியிருந்தது. எறிந்த பையனுக்கு எடை நாற்பது கிலோகூட இருக்காது.

எம்.ஆர்., போடி: *பார்வையற்றோரிலும் சிலருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. அவர்கள் இருக்கிற அணி சுலபமாக ஜெயித்துவிடாதா?*

அதற்குத்தான் அந்தக் கறுப்புக் கண்மறைப்பு. முழுக்கப் பார்வை இல்லாதவர், நிழல் தெரிகிறவர், ஓரளவு தெரிகிறவர் என்று மூன்று வகுப்பாரும் சர்வதேச ஆட்டத்தில் சேர்ந்தே ஆடுவார்கள். களத்தில் இறங்கியதும் எல்லாருக்கும் இருட்டுதான். பெரிய போட்டிகளில் கண்மறைப்புக்கு அடியில் இமைமேல் தனியாக ஒட்டும் பட்டையும் உண்டு. ஆட்டத்தின் நடுவே வியர்வை வழிகிறது என்று ரெஃப்ரியைக் கேட்காமல் கண்மறைப்பைத் தொட்டால் பெனால்டி. அப்புறம் 9 மீட்டர் வாசலையும் ஒரே ஆள் காக்க வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி: *பார்க்காமல் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று எப்படித் தெரிகிறது?*

கோடு. நான் முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்து, சுண்ணாம்பில் கோடு போட்டுப் போட்டே இடுப்பொடிந்தவன். மழை பெய்தால் அழிந்துவிடும், மறுபடி போடுவோம். கோல்பாலில் கோட்டுக்கு அடியில் மெல்லிய கயிறு ஓடும். கயிற்றை இழுத்து வைத்து அதன்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். தடவினால் விரலில் நரம்பு மாதிரி தட்டுப்படும். ஆட்டக்காரர் எறியும் முன்பு கையால், காலால் அந்தக் கயிற்றைத் தேடுவதை அடுத்த முறை கவனியுங்கள். சிலர் பின்னால் நகர்ந்து கோல் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எறிவார்கள். என்னைக் கண் கட்டி உட்கார வைத்தார்களே, அன்றைக்கு அந்தக் கயிறுதான் எனக்குத் துணை. அதை விட்டு விரல் விலகிய மறு நிமிடமே நான் கோர்ட்டில் இருக்கிறேனா கோயம்பேட்டில் இருக்கிறேனா என்று தெரியவில்லை.

ஜெ.பி., சேலம்: *அண்ணே, பிரேசில்னா கால்பந்துதான் தெரியும். இதுல எப்படி இவ்வளவு பெரிய ஆளானாங்க? முழுக் கதையும் சொல்லுங்க.*

சொல்கிறேன் தம்பி, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஆண்கள் கோல்பால் 1976 டொரண்டோவிலிருந்து பாராலிம்பிக்கில் பதக்க ஆட்டம். முதல் தங்கம் ஆஸ்திரியாவுக்கு. அதன்பிறகு பல வருடம் இது ஐரோப்பியர்களின் வீட்டுச் சொத்து போலத்தான் இருந்தது. பின்லாந்து, டென்மார்க், லிதுவேனியா என்று சுற்றிச் சுற்றி அவர்களே வருவார்கள். பிரேசில் ஆண்கள் அணி பாராலிம்பிக்குக்குள் நுழைந்ததே 2008 பெய்ஜிங்கில்தான். அப்போது அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கே வருடத்தில், 2012 லண்டனில், இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த அணியில் லியோமோன் மொரேனோ என்று ஒரு பையன், வயது 19. தலைநகர் பிரேசிலியாக்காரன். பிறவியிலேயே விழித்திரை நோய். அண்ணன் லியாண்ட்ரோவுக்கும் பார்வைக் குறை, அவரும் அதே அணியில். அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் பாராலிம்பிக் இறுதி ஆடுவது சின்ன விஷயமா? ஆனால் எதிரே நின்றது பின்லாந்து. 8-1 என்று துவைத்துக் காயப்போட்டது. வெள்ளியோடு ஊர் திரும்பினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2014இல் உலகச் சாம்பியன்ஷிப். நடந்த இடம் எஸ்போ. எஸ்போ எங்கே இருக்கிறது? பின்லாந்தில். இறுதியில் யாரோடு ஆட்டம்? பின்லாந்தோடு. முடிவு 9-1. இந்த முறை ஒன்பது பிரேசிலுடையது. நான் வாலிபால் ஆடின காலத்தில், எங்களை மாவட்டப் போட்டியில் தோற்கடித்த அணியை அதே கோர்ட்டில் திருப்பி அடிக்க ஆறு வருடம் காத்திருந்தும் முடியவில்லை. அதனால் இந்த 9-1ஐ எங்கே பார்த்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இதோடு கதை நேராக மேலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. 2016 ரியோ. சொந்த நாடு, உலகச் சாம்பியன், தங்கம் வாங்கியே ஆக வேண்டும். அரையிறுதியில் அமெரிக்கா 10-1 என்று அடித்தது. பத்துக்கு ஒன்று! வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்வீடனை 6-5 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். தங்கம் லிதுவேனியாவுக்குப் போனது.

அப்புறம் 2018இல் ஸ்வீடன் நாட்டு மால்மோவில் ஜெர்மனியை 8-3 என்று வென்று இரண்டாவது உலகப் பட்டம். கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன டோக்கியோ பாராலிம்பிக்கில், 2021 செப்டம்பர் 3 அன்று, சீனாவை 7-2 என்று வென்று முதல் தங்கம். 2022இல் போர்ச்சுகலில், மறுபடி சீனா, 6-5, மூன்றாவது உலகப் பட்டம். 2024 பாரிஸில் வெண்கலம். அங்கே தங்கம் ஜப்பானுக்கு. உக்ரைனோடு கூடுதல் நேரம்வரை போன ஆட்டம், 4-3. பிரேசில் அணியைப் பிடித்திருந்தாலும் சொல்கிறேன், அந்த ஜப்பான்காரர்களின் தடுப்பைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பிரேசில்காரர்களின் எறியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக பந்தைப் பின்னால் கொண்டுபோய், இரண்டு மூன்று எட்டு ஓடி, குனிந்து எறிவார்கள். பிரேசில் அணியில் பலர் எதிரணிக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். இரண்டு கையாலும் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, அப்படியே இடுப்பை மடித்து, இரண்டு காலுக்கும் நடுவே பின்பக்கமாக விடுவார்கள். விறகு பிளக்கிறவர் கோடாலியை ஓங்கி இறக்குவாரே, அந்த இறக்கம். கைவேகத்தோடு உடம்பின் மொத்த எடையும் பந்தில் சேர்கிறது. முதுகைக் காட்டி எறிகிறாயே, குறி எப்படி என்று எனக்குள் இருக்கும் பி.டி. வாத்தியார் கேட்டான். அப்புறம்தான் உறைத்தது. கண்மறைப்புப் போட்டவருக்கு முன்பக்கம் என்ன, பின்பக்கம் என்ன!

அணியில் இன்னும் இரண்டு பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரொமாரியோ மார்க்கெஸ். 1994 கால்பந்து உலகக் கோப்பை பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது, ஆனால் இவர் வேறு. தடுப்புதான் இவர் வேலை. கோல் போடுகிறவர்கள் பெயர் வாங்க, இவர் விலாவில் வாங்குவார். இன்னொருவர் ஜோசேமார்சியோ சௌசா. எல்லாரும் கூப்பிடுவது பராசின்யோ. அமேசான் பக்கம் பாரா என்றொரு மாநிலம் இருக்கிறது, அதிலிருந்து வந்த செல்லப் பெயர். பாராலிம்பிக் ‘பாரா’வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று நம் அச்சுக்கோப்பவர் கேட்டுக்கொள்கிறார்.

வீ.தா., காரைக்கால்: *பார்வையற்றோர் கால்பந்தும் இதுவும் ஒன்றுதானே?*

இல்லை. அங்கே கோல்கீப்பருக்குக் கண் தெரியும். இங்கே ஆடுகிற எல்லாருக்குமே கண்மறைப்புதான்.

இன்னொன்றும் உண்டு. கால்பந்து, பார்வை உள்ளவர் ஆட்டத்தைத் திருத்தி அமைத்தது. கோல்பாலுக்கு அப்படி ஒரு மூல ஆட்டம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து வந்த வீரர்களுக்காக 1946இல் ஆஸ்திரியாக்காரர் ஹான்ஸ் லோரென்சனும் ஜெர்மானியர் செப் ரைன்டிலும் உண்டாக்கியது. ஆட்டத்தில் நாம்தான் விருந்தாளி.

எஸ்.என்., கோவை: *வெளிநாட்டில் அரசாங்கம் பணத்தைக் கொட்டுகிறது, அதனால் ஜெயிக்கிறார்கள். இதில் என்ன அதிசயம்?*

கொட்டவில்லை, சில்லறையாகச் சேர்த்தார்கள். எங்கிருந்து தெரியுமா? லாட்டரிச் சீட்டிலிருந்து.

நம் தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் நின்றுபோனது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2001இல், பிரேசில் ஒரு சட்டம் போட்டது. லாட்டரி வசூலில் நூற்றுக்கு 2 பங்கு விளையாட்டுக்கு. அந்த இரண்டில் 15 சதவீதம் பாராலிம்பிக் கமிட்டிக்கு, மீதி ஒலிம்பிக் கமிட்டிக்கு. நம் கணக்கில் சொன்னால், 100 ரூபாய்க்குச் சீட்டு விற்றால் பாராலிம்பிக்குக்கு 30 பைசா. 2015இல் அதைத் திருத்தினார்கள். விளையாட்டுக்கு 2 ரூபாய் 70 பைசா, அதில் பாராலிம்பிக்குக்கு 37 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஒரு ரூபாய் வரும். 30 பைசா ஒரு ரூபாயானது. அடுத்த வருடமே சாவோ பாவ்லோவில் பாராலிம்பிக் பயிற்சிக்கென்றே ஒரு பெரிய வளாகம் திறந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு மாத உதவித்தொகைத் திட்டமும் உண்டு.

லாட்டரி நல்லதா கெட்டதா என்று என்னை இழுக்காதீர்கள். என் சித்தப்பா ஒருவர் அதில் வீட்டையே விட்டார். நான் சொல்வது, அந்த 30 பைசா வருடா வருடம் தவறாமல் வந்தது என்பதைத்தான். பதக்கம் வாங்கிய பிறகு மேடையில் பெரிய காசோலை நீட்டுவது வேறு, பதினைந்து வயதுப் பையன் பழகுகிற காலத்தில் பஸ்ஸுக்கும் முழங்கால் பட்டைக்கும் காசு வருவது வேறு.

சு.மு., மன்னார்குடி: *பார்வையாளர்கள் கைதட்டக்கூடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கோர்ட்டுக்கு ஏன் போக வேண்டும்?*

தட்டலாம், கோல் விழுந்த பிறகு தட்டலாம், கத்தலாம், எழுந்து ஆடலாம். பந்து களத்தில் இருக்கும்போதுதான் கூடாது. ரெஃப்ரி “கொயட் ப்ளீஸ்” என்பார். அரங்கமே அடங்கும். அப்புறம் “ப்ளே”. அந்த நேரத்தில் ஒருவர் இருமினால் அது கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் முகத்துக்கு நேரே கண்ணாடி காட்டின மாதிரி. பயிற்சியாளர்கூட ஓரத்திலிருந்து சத்தம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பெனால்டி. பந்து கையை விடும் நேரத்தில் எறிகிற அணி அளவுக்கு மீறிச் சத்தம் எழுப்பி எதிராளியின் காதைக் குழப்பினாலும் பெனால்டி.

ரியோவில் இதுதான் பெரிய வேடிக்கை. கால்பந்துக்கு மேளம் அடித்தே பழகின கூட்டம். சொந்த அணி ஆடுகிறது. வாயை மூடு என்றால் மூடுமா? ரெஃப்ரி நிறுத்தி நிறுத்தி அமைதி கேட்க வேண்டியிருந்தது. தங்கள் ஆட்களைக் கொண்டாடப் போய் தங்கள் ஆட்களின் காதையே அடைத்தார்கள்.

நான் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். டோக்கியோ இறுதியாட்டத்தின் வீடியோவைப் போனில் ஓடவிட்டு, திரைமேல் துண்டைப் போட்டுவிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஷூ உரசுகிற சத்தம். தரையில் விரலால் இரண்டு தட்டு, அது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கூட்டாளிக்குச் சொல்வது. பிறகு தடதடவென்று ஓட்டம், பந்து தரையில் மோதுகிற அறை, மணி, மணி நெருங்கி வருகிறது, ‘தொப்’ என்று உடம்பில் விழுகிறது. மறுபடி அமைதி. ஐந்து நிமிடத்தில் எந்த எறி இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று பாதியாவது பிடிபட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி கேட்டாள்: “என்னங்க, போனுக்குள்ள மாட்டு வண்டி போகுது?”

ஒரு வாசகி, சென்னை: *பாவம், கண்ணில்லாதவர்கள் கீழே விழுந்து விழுந்து ஆடுவதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.*

அம்மா, அழுதால் மூக்கு உறிஞ்சுவீர்கள். அவர்களுக்கு மணிச்சத்தம் கேட்காது.

பி.கே., திருச்சி: *அண்ணே, நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். உங்கள் பத்தியைப் போன் படித்துக் காட்டக் கேட்பேன். போன இதழில் ‘ஆட்டக்காரர்கள் பந்து வரும் திசையை யூகித்துப் பாய்கிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். யூகம் இல்லை அண்ணே. நீங்கள் சர்வீஸ் வருகிற பந்தைப் பார்த்துக் கை வைக்கிறீர்கள், அதை யூகம் என்பீர்களா? இன்னொன்று, நாங்கள் மணியை மட்டும் கேட்பதில்லை. எறிகிறவனின் ஓட்டத்தையும் கேட்போம். அதனால்தான் பந்து இல்லாதவன் சத்தமாக ஓடுவதும் பந்து வைத்திருப்பவன் பூனை மாதிரி நகர்வதும். இதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். ஞாயிறு காலை நாங்கள் பழகுகிறோம், வாருங்கள்.*

தம்பி, ‘யூகித்து’ என்பது என் பிழை. ‘கேட்டு’ என்று திருத்திப் படிக்கவும். சர்வீஸ் உதாரணம் சரியான அடி, ஸ்மாஷ் அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தே பழகிய முப்பது வருட லிஃப்டருக்கு நடு நெற்றியில் விழுந்தது. அந்தப் பொய் ஓட்டத்தை வாலிபாலிலும் செய்வோம். ஒருவன் ஸ்மாஷுக்கு எகிறுவான், பந்து அவனைத் தாண்டி அடுத்தவனுக்குப் போகும். நாங்கள் கண்ணை ஏமாற்றினோம், நீங்கள் காதை ஏமாற்றுகிறீர்கள். டோக்கியோ ஆட்டத்தைத் துண்டு போட்டுக் கேட்டபோது பாதி எறி எனக்குத் தப்பியது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் ஓடுகிறவன் பின்னால் போயிருக்கிறேன்.

ஞாயிறு வருகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார மட்டும் மாட்டேன், விலா இன்னும் பழைய கணக்கை மறக்கவில்லை. வெளியே போகிற பந்தைப் பொறுக்கிக் கொடுக்க ஆள் வேண்டும் இல்லையா, அந்த வேலையைக் கொடுங்கள். கேன்வாஸ் ஷூ கிறீச்சென்று சத்தம் போடுகிறது, வேறு ஷூ பார்க்கிறேன்.